தோல் இறுகும் நோயும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும்: ஒரு நோயாளியின் அனுபவம்

எனக்கு இருப்பது ஸ்கிளீரோடெர்மா. நோய் உள்ளுறுப்புகளையும் தொட்டிருப்பதால் மருத்துவர்கள் அதைச் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்று எழுதுகிறார்கள். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கத் தொடங்க, கொலாஜன் என்னும் நார்ப்புரதம் தேவைக்கு மிஞ்சிப் படிந்து தோல் இறுகும். சிலருக்கு நுரையீரலும் இதயமும் சிறுநீரகமும் உணவுக்குழாயும் பாதிக்கப்படும். நான் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்திலுள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியை. நோய் ஊரறிந்த பிறகு சக ஆசிரியர்கள், உறவினர்கள், பழைய மாணவர்களின் பெற்றோர் எனப் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "ஸ்டெம் செல் செய்தா முழுசா மாறிருமாமே டீச்சர், நீங்க ஏன் போகல்ல?" நான் போனேன். புதிய செல்களை உண்டாக்கவல்ல மூலச் செல்களே ஸ்டெம் செல்கள்; அவற்றைக் கொண்டு மாற்று சிகிச்சை செய்யும் மையம் ஒன்றில் முழுப் பரிசோதனையும் செய்துகொண்டு, இப்போதைக்கு வேண்டாம் என்ற பதிலோடு திரும்பினேன். அந்தப் பதில் எப்படி வந்தது என்பதையும், அதற்கு முன் வேறோரிடத்தில் மிக எளிதாகக் கிடைத்த சம்மதத்தையும் எழுதி வைத்தால், இதே நோயோடும் இதே கேள்வியோடும் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

நோய் விரல்களில் தொடங்கியது. ஆனி, ஆடி மழையில் அதிகாலை அரிசி களையும்போது விரல்கள் முதலில் வெளுத்து, பிறகு நீலமாகி, அடுப்பருகே கொண்டுபோனதும் சிவந்து வலிக்கும். குளிரில் விரல்களின் சிறு இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் வரும் இதற்கு ரேனாட் என்று பெயர். பனி பெய்யும் நாடுகளில்தான் இது வரும் என்று எண்ண வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் வீசுகிற நம் மாவட்டத்தில் ஈரத்தில் கை நனைத்து வேலை செய்யும் யாருக்கும் இது தெரிய வரும். பிறகு விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போயிற்று. சில மாதங்களில் வீக்கம் வற்றி, தோல் பளபளவென்று இறுகி, முழங்கை தாண்டி மார்பு வரை ஏறியது. கழுத்தில் நிறம் புள்ளி புள்ளியாக வெளுத்ததும் என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, இது பெரிய நோவு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். அவர் அஞ்சியது தொழுநோயை. பல தலைமுறைகளாக மிஷன் மருத்துவமனைகள் தொழுநோய்க்குச் சிகிச்சை தந்துவந்த மாவட்டத்தில் அந்த அச்சம் இயல்பானது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பஞ்சாலும் ஊசியாலும் தோலைத் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி முழுமையாக இருப்பதால் அது தொழுநோய் அல்ல என்று உறுதியாகச் சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய வர்ம ஆசானும் எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு, "இது நரம்புப் பிசகு இல்ல மக்களே, இரத்தம் நோக்கணும்" என்று சொல்லிக் கூலி வாங்காமல் அனுப்பினார். தன் கலையின் எல்லையை அறிந்து சொன்ன அந்த மனிதருக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்தம் பார்த்தார்கள். திருவனந்தபுரத்தில் வாதநோய் நிபுணர் ஒருவரிடம் சிகிச்சை தொடங்கியது. உடலையே தாக்கும் எஸ்.சி.எல். 70 என்ற எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் இருந்தது. அது இருப்பவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம். நெஞ்சு ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு தெரிந்தது. கல்குவாரியில் வேலை செய்திருக்கிறேனா என்றும் மருத்துவர் கேட்டார். சிலிக்கா தூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதால், நம் பக்கத்தில் பாறை உடைக்கும் வேலை பார்த்தவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மைக்கோஃபெனோலேட் மாத்திரையும், விரல்களின் இரத்தக் குழாய்களை விரிக்க நிஃபெடிபினும், நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார்கள்.

மாத்திரை தொடங்கிய புதிதில், நோய் வேகமாக ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், மார்த்தாண்டத்தில் ஒரு திருமண மண்டபத்தில் ஸ்டெம் செல் சிகிச்சைக்கான இலவச ஆலோசனை முகாம் நடப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். வெளியூர் நிறுவனம். நானும் கணவரும் போனோம். வெண்புள்ளி, சோரியாசிஸ், லூபஸ், மூட்டுவலி, சர்க்கரை நோய்ப் புண், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள் என்று பல தரப்பினரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் முறை வந்ததும், என் கோப்பைத் திறந்து பார்க்காமலேயே, தொப்புள்கொடியிலிருந்து எடுக்கப்பட்ட, மெசன்கைமல் என்னும் ஒருவகை ஸ்டெம் செல்களை ஊசி மூலம் ஏற்றினால் நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்றும், சில தவணைகளில் தோல் பழைய நிலைக்கு வரும் என்றும், பக்க விளைவு எதுவும் இல்லை என்றும் கூறினார்கள். எனக்கு முன்னால் இருந்த சோரியாசிஸ் நோயாளிக்கும் அதே செல்கள், அதே தவணைகள், அதே உறுதி. கேட்ட தொகைக்கு எங்கள் ரப்பர் தோட்டத்தின் பெரும்பகுதியை விற்க வேண்டியிருக்கும்.

என் கணவர் அதிகம் படித்தவர் அல்லர். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டி, பகலில் ஷீட் அடித்து வாழ்பவர். அவர் அங்கே கேட்ட கேள்விகள் எல்லாமே சரியான கேள்விகள் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது. இந்த நோய் உள்ள எத்தனை பேருக்கு இதைச் செய்தீர்கள், அவர்களின் நுரையீரல் அளவு முன்னும் பின்னும் எவ்வளவு, யாருக்கு இது செய்யக்கூடாது, செய்து பலனில்லை என்றால் பணம் என்னவாகும் என்று வரிசையாகக் கேட்டார். பதிலாக ஒரு கைப்பேசிக் காணொளியைக் காட்டினார்கள். அதில் ஒரு பெண், தன் கைத்தோல் ஓராண்டில் இளகிவிட்டதாகக் கண்ணீரோடு சொன்னார். முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிட்டோம்.

அந்தப் பெண் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இந்த நோயின் இயல்பைப் பற்றி நான் கற்றவற்றுள் மிக முக்கியமானது இதுதான்: என்னுடையது போல முழங்கை தாண்டி உடல் வரை ஏறும் பரவலான வகை ஸ்கிளீரோடெர்மாவில் தோலின் இறுக்கம் பெரும்பாலும் முதல் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உச்சத்தை அடைந்து, அதன்பின் பலருக்கு மெல்ல மெல்லத் தானாகவே இளகத் தொடங்கும். உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் எதைச் செய்தாலும், ஊசியோ, எண்ணெயோ, நேர்ச்சையோ, அதற்கு அடுத்த ஆண்டில் தோல் இளகியிருக்க வாய்ப்பு உண்டு. இளகியதற்கான பெருமை கடைசியாகச் செய்ததற்குப் போய்ச் சேரும். ஆகவே ஒருவரின் சாட்சியைக் கொண்டு எந்தச் சிகிச்சையையும் எடைபோட முடியாது. ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றொரு பிரிவினருக்கு வேறு மருந்தோ, மருந்தில்லாத போலி ஊசியோ கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு வேண்டும். அமெரிக்காவில் ஸ்கிளீரோடெர்மா நோயாளிகள் 88 பேரிடம், அவர்களின் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை விரல்களில் செலுத்தி ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2020இல் வெளியானது. போலி ஊசி பெற்றவர்களின் கைகளும் ஓரளவு மேம்பட்டிருந்தன. செல் பெற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. தானாக இளகுவதும் நம்பிக்கை தரும் தெம்பும் எவ்வளவு பெரியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ஸ்டெம் செல் என்றாலே ஏமாற்று என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அப்படிச் சொல்பவர்களும் ஒரு சிலரின் உயிர் காக்கும் வழியை அடைத்துவிடுகிறார்கள். இந்த நோய்க்கு, தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் பலன் தருவதாக நிறுவப்பட்ட ஒரு ஸ்டெம் செல் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. அது இரத்தப் புற்றுநோய்க்குச் செய்வது போன்ற மாற்று சிகிச்சை. நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களையே, மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுத்து, உறையவைத்துப் பாதுகாப்பார்கள். பிறகு சைக்ளோபாஸ்பமைடு என்னும் கீமோ மருந்தை மிக உயர்ந்த அளவிலும், அதோடு நோய் எதிர்ப்புச் செல்களை அழிக்கும் ஏ.டி.ஜி. என்ற மருந்தையும் செலுத்தி, வழிதவறிய நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஏறக்குறைய துடைத்தெடுப்பார்கள். அதன் பின்னரே சேமித்த செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள்.

இங்கே நோயை அடக்குவது செல்கள் அல்ல, அந்த மருந்துகள் என்பதை எங்கள் மருத்துவர் சொன்னபோது எனக்கு முகாமில் கேட்டதெல்லாம் வேறு ஒளியில் தெரிந்தது. எங்களுக்குப் பழகிய ரப்பரை வைத்துச் சொன்னால், இது மறுநடவு: பழைய மரங்களை வேரோடு அகற்றி நிலத்தைச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை, கன்று நடுவது, நிலம் வெறுமையாகக் கிடந்து பாழாகாமல் இருப்பதற்காக. செல்கள் திரும்ப ஏற்றப்படாவிட்டால், அந்த அளவு மருந்துக்குப் பிறகு இரத்தம் ஊற நெடுநாள் பிடித்து, இடையில் தொற்று ஏற்பட்டு நோயாளியின் உயிரையே பறித்துவிடக்கூடும். முகாமில் விற்ற ஊசியில் அந்த அகற்றும் வேலை எதுவும் இல்லை. வேறு வகைச் செல், வேறு மனிதரின் செல், வேறு கருதுகோள். மாற்று சிகிச்சையின் ஆய்வு முடிவுகளை எடுத்து அந்த ஊசிக்கு ஆதாரமாகக் காட்டினால், அது எந்த வகையிலும் பொருந்தாது.

மாற்று சிகிச்சையின் ஆதாரம் இரண்டு பெரிய ஆய்வுகளில் இருக்கிறது. எண்களை நான் குறித்து வைத்திருக்கிறேன், ஏனெனில் முடிவெடுக்கும் குடும்பம் அவற்றை முழுமையாகக் காண வேண்டும். ஐரோப்பிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆஸ்டிஸ் என்ற ஆய்வு 2014இல் வெளியானது. 156 நோயாளிகளில் 79 பேர் மாற்று சிகிச்சைக்கும் 77 பேர் மாற்று இல்லாமல் மாதந்தோறும் சைக்ளோபாஸ்பமைடு மட்டும் பெறும் பிரிவுக்கும் ஒதுக்கப்பட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல மாற்றுப் பிரிவினரே அதிகம் பிழைத்திருந்தனர். ஆயினும் அந்த 79 பேரில் 8 பேர், சிகிச்சையின் காரணமாகவே, முதல் ஆண்டுக்குள் இறந்துபோயினர். அமெரிக்காவின் ஸ்காட் ஆய்வு 2018இல் வெளியானது. 36 பேருக்கு மாற்று, 39 பேருக்குச் சைக்ளோபாஸ்பமைடு. 54 மாதங்களின் முடிவில், உறுப்புச் செயலிழப்போ மரணமோ இன்றி இருந்தவர்கள் மாற்றுப் பிரிவில் 79 விழுக்காடு, மற்றப் பிரிவில் 50 விழுக்காடு. மாற்றுப் பிரிவில் சிகிச்சையால் நேர்ந்த இறப்பு அந்தக் கட்டத்தில் 3 விழுக்காடு, 72 மாதங்களில் 6 விழுக்காடு. இந்த முடிவுகள் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2017இல், ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் சங்கம் வேகமாக முற்றும் நோயும் உறுப்புச் செயலிழக்கும் ஆபத்தும் உள்ள, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இதைக் கருதலாம் என்று பரிந்துரைத்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஸ்டெம் செல் நல்லதா கெட்டதா என்பதன்று. சிகிச்சையின் ஆபத்தைவிட நோயின் ஆபத்து பெரிதாக இருக்கும் அந்தச் சிறு கூட்டத்தில், இன்றைய தேதியில் நான் இருக்கிறேனா என்பதுதான். அதற்கு அளவுகள் வேண்டும். எங்கள் நிபுணர் என்னை வேறு மாநில நகரம் ஒன்றிலுள்ள மாற்று மையத்துக்கு அனுப்பியபோது அங்கே நடந்தது முழுவதும் அளத்தல்தான். முகாமில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்காத என் தோலை, மருத்துவர் ஒருவர் 17 இடங்களில் விரல்களால் கிள்ளிப் பார்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டார். மொத்தம் 51 வரை போகக்கூடிய அந்த எண்ணுக்கு ராட்னன் தோல் மதிப்பெண் என்று பெயர். திருவனந்தபுரத்தில் எடுத்த பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது, மைக்கோஃபெனோலேட் தொடங்கிய பிறகு என் எண் 22-லிருந்து 13-க்கு இறங்கியிருந்தது. மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையில் நுரையீரல் கொள்ளளவு எதிர்பார்க்கும் அளவில் 74 விழுக்காட்டிலேயே நின்றிருந்தது. கூடவில்லை, குறையவும் இல்லை. இதயத்துக்கு எக்கோ, எம்.ஆர்.ஐ., அதோடு இதயத்தின் வலப்புற அழுத்தத்தை நேரடியாக அளக்கும் குழாய்ச் சோதனையும் செய்தார்கள். அந்த அளவு சைக்ளோபாஸ்பமைடு இதயத்தைத் தாக்கக்கூடும் என்பதாலும், ஸ்கிளீரோடெர்மா வெளியே தெரியாமல் இதயத்தில் ஒளிந்திருக்கக்கூடும் என்பதாலும், இந்தச் சோதனைகளைச் செய்யாமல் மாற்று செய்ய முன்வரும் இடத்துக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

அவர்கள் மிகவும் வற்புறுத்திக் கேட்ட ஒரு தகவல், விரல் வெளுக்கத் தொடங்கிய தேதி அல்ல. அதற்குப் பிந்தைய முதல் அறிகுறி, என் விஷயத்தில் கைவீக்கம், தொடங்கிய மாதம். நோயின் வயதை அங்கிருந்துதான் கணக்கிடுகிறார்கள். பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் நோயின் முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குள் இருந்தவர்களே. அதற்கு மேல் போனால், தழும்பு நிலைபெற்றுவிட்ட உறுப்பை மாற்று சிகிச்சை மீட்டுத் தருவதில்லை. நுரையீரலோ இதயமோ மிகவும் தளர்ந்துவிட்டால் சிகிச்சையையே தாங்க முடியாது. கைவீங்கிய மாதத்தை நான் சொல்ல முடிந்தது, மோதிரத்தைத் தட்டானிடம் வெட்டி எடுத்த ரசீது இருந்ததால். இந்த நோய் இருப்பதாகச் சந்தேகிக்கும் எவரும் அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும்.

பிறகு அந்த மையத்தின் மருத்துவர் என்னையும் கணவரையும் அமர வைத்து நெடுநேரம் பேசினார். மாதவிடாய் நின்றுபோகும், இனிக் குழந்தை பெற வாய்ப்பு மிகக் குறைவு, முடி கொட்டும், வெள்ளணுக்கள் ஏற ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை தனியறை, வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும், பிள்ளைப்பருவத் தடுப்பூசிகளைத் திரும்பப் போட வேண்டும், உடனிருக்க ஒருவர் வேண்டும், அவர் அந்தக் காலத்துக்கு வருமானத்தை மறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கணவர் புகைப்பவரா, நான் எப்போதாவது புகைத்ததுண்டா என்று கேட்டார். ஆஸ்டிஸ் ஆய்வில் புகைப்பழக்கம் இருந்தவர்களுக்கே சிகிச்சையால் மரணம் அதிகம் நேர்ந்தது. கடைசியாக, என் தோல் மதிப்பெண் இறங்குவதும் நுரையீரல் நிலையாக இருப்பதும் மாத்திரை வேலை செய்வதைக் காட்டுகின்றன, இந்த நிலையில் இவ்வளவு ஆபத்தை உங்கள் மேல் ஏற்ற எனக்கு நியாயம் இல்லை என்று கூறி, எந்த அளவு எவ்வளவு குறைந்தால் மறுபடி வர வேண்டும் என்பதையும் எழுதித் தந்தார்.

ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு வழி இருக்கிறது என்று நம்பி வந்த பிறகு அது அடைபடுவது வலிக்கும். ஆனால் என்னை மறுத்ததற்கான காரணங்கள் அனைத்தும் என் உடலிலிருந்து எடுத்த எண்களாக இருந்தன. அவற்றை வேறொரு மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்க முடிந்தது, சரிபார்த்தேன்.

அந்த மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் நம் மாவட்டக் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணைத் தாயோடு கண்டேன். மாத்திரைகள் பலனளிக்காமல், மாதத்துக்கு மாதம் நுரையீரல் குறைந்துகொண்டே வந்ததால், அவளுக்கு மாற்று செய்திருந்தார்கள். வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் இருந்த நாட்களையும், மீன்குழம்பு இல்லாமல் ஒரு கவளம் உண்டறியாத பிள்ளை வேகவைத்த கஞ்சியையே குடித்துக் கிடந்ததையும், காய்ச்சல் வந்து மறுபடி சேர்க்க வேண்டி வந்ததையும் தாய் சொன்னார். அவள் எனக்குத் தன் கையை மூடிக் காட்டினாள். விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன, என் விரல்கள் தொடமாட்டா. இழந்த மூச்சு திரும்பவில்லை, ஆனால் மேலும் இழப்பது நின்றிருக்கிறது என்று அவளே தெளிவாகச் சொன்னாள். அவளுக்கு அது சரியான முடிவு. எனக்கு அன்று அது சரியான முடிவாக இருந்திருக்காது. ஒரே நோய், ஒரே மாவட்டம், ஒரே மையம்.

இனி சட்டமும் விதிமுறையும் பற்றி, முகாம்களுக்குப் போக நினைப்பவர்களுக்காக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான தேசிய வழிகாட்டுதல்கள், ஏற்கப்பட்ட நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் ஆய்வு நிலையில் உள்ளவை என்றும், அவற்றை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிகளுக்குச் செய்யக்கூடாது என்றும் கூறுகின்றன. மெசன்கைமல் செல்களில் அனுமதி பெற்றது ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூரில் உருவான ஸ்டெம்பியூசெல் என்ற மருந்துக்கு, பர்ஜர் நோயால் காலில் இரத்த ஓட்டம் அடைபட்டவர்களுக்காக அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரு நோய்க்கு ஆய்வு செய்து பெற்ற அனுமதி அந்த நோய்க்கு மட்டுமே. அதைக் காட்டித் தோல் நோய்க்கு ஊசி போட முடியாது.

உண்மையான ஆய்வு என்றால் அதற்குச் சி.டி.ஆர்.ஐ. என்னும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவேட்டில் தேடினால், எந்த நோய், எத்தனை பேர், எந்த மருத்துவமனை, எந்த நெறிமுறைக் குழு என்று அனைத்தும் தெரியும். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆய்வில் உள்ள சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன. "ஆய்வு" என்று சொல்லிக்கொண்டே இலட்சங்களைக் கேட்கும் இடத்தில் இந்த ஒரு முரண்பாடே போதும், எழுந்து வருவதற்கு.

மாற்று சிகிச்சை வேண்டிவருமா என்று காத்திருக்கும் காலத்திலும் வேலை நிறைய இருக்கிறது. ஸ்கிளீரோடெர்மாவில் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதை உடனே கண்டால் மருந்தால் தடுக்க முடியும். அதனால் வீட்டில் இரத்த அழுத்தக் கருவி வைத்து அளந்து ஏட்டில் எழுதி வருகிறேன். அதே காரணத்தால், உயர்ந்த அளவு ஸ்டீராய்டு எங்களுக்கு ஆபத்து. தோல் நோய், மூட்டுவலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் ஊசியிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும் என்பதை வீட்டார் அனைவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும். இளம்பெண்களுக்கு இதை மருத்துவர் சொல்லவில்லை என்றாலும் கேட்டுத் தெளிய வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும். இதற்குத் திருவனந்தபுரம் வரை போக வேண்டியதில்லை, ஆசாரிப்பள்ளத்திலேயே பார்த்து முடிவை அனுப்பிவிடுகிறேன்.

பாத்திரம் கழுவ வெந்நீர், மழைக்காலத்தில் கையுறை, கட்டிலின் தலைப்பக்கம் கட்டை வைத்து உயர்த்துவது, இரவு உணவை முன்னதாக முடிப்பது, காலையிலும் மாலையிலும் எண்ணெய் தடவி விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சி. ரப்பர் ஷீட் அடிக்கும்போது பால் உறையச் சேர்க்கும் ஆசிட்டில் நான் இப்போது கை வைப்பதில்லை. விரல் நுனியில் புண் வந்தால் எங்களுக்கு ஆற மாதங்கள் ஆகும், சில வேளை ஆறாமலே நுனி கறுத்துப்போகும். கரும்பலகையில் எழுதுவது கடினமானதும் தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றைக் காட்டிப் பேசினேன். இப்போது மேல்வகுப்பு மாணவர்கள் எழுத, நான் சொல்லிப் பாடம் நடத்துகிறேன்.

கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் மதிப்பெண், நுரையீரல் கொள்ளளவு, எக்கோ, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் தேதியோடு ஒரே தாளில் வரிசையாக எழுதி முன்பக்கம் வைத்திருக்கிறேன். புதிய மருத்துவர் எவரும் முதலில் அந்தத் தாளைத்தான் எடுக்கிறார்கள். நோய் ஏறுகிறதா நிற்கிறதா என்பதை என் முகத்தையோ என் அழுகையையோ பார்த்து யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

அடுத்து என்ன வருகிறது என்பதையும் கவனித்து வருகிறேன். நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை இரத்தப் புற்றுநோய்க்கு உரியது. அதை ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவர்கள், நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் உள்ள 15 பேருக்குச் செய்து 2024இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் நால்வர் என் நோய் உள்ளவர்கள். தொடக்க முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் நான்கு பேர் என்பது நான்கு பேர்தான். இந்தியாவில் ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023இல் கிடைத்த அனுமதியும் இரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே. இதன் பெயரைச் சொல்லியும் நாளை ஒரு மண்டபத்தில் முகாம் நடக்கலாம். எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று அறிவிக்கப்பட்டால் நானும் கணவரும் போவோம். வரிசையில் காத்திருக்கும் குடும்பங்களோடு உட்கார்ந்து, பதிவு எண் என்ன, என் நோய் அதில் இருக்கிறதா, யாரை நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் அவர்களோடு சேர்ந்து உரக்கக் கேட்போம்.